படம் பார்த்தவர்களின் வாக்குமூலம்

சென்ற வாரம் கவிதா கைபேசியில் அழைத்தாள். என்னிடம் உதவி ஆய்வாளராக இருந்தவள். இப்போது வேறொரு மாவட்டத்தில் காவல் ஆய்வாளர். அவளுடைய எல்லைக்குள் ஒரு கல்லூரியில் நாடகம் போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து ஒரு காணொளித் துண்டை யாரோ வெட்டி எடுத்து அனுப்ப, அது கைக்குக் கை சுற்றி, கல்லூரி வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

"மேடம், அந்தப் பிரெஞ்சுப் படக் கேசுல மொதல்ல என்ன பண்ணீங்க? நான் அப்ப லீவுல இருந்தேன். பாதிதான் தெரியும்."

"மொதல்ல டீ குடிச்சேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு கூட்டம் கத்திக்கொண்டிருக்கும்போது அதற்கு எதிரே நின்றபடி முடிவெடுத்தால், அது கூட்டத்தின் முடிவாகத்தான் இருக்கும். மீதியைத் தொலைபேசியில் அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் சொல்ல முடிந்தது. ஓய்வு பெற்றவளுக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. அதனால் முழுதாக எழுதிவிடுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் வாழப்பாடிப் பக்கத்துப் பெண். அப்பாவுக்கு மரவள்ளிக் காடு. தேர்வெழுதி நேரடி உதவி ஆய்வாளராகச் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: ஓடினோம், சட்டத்தை மனப்பாடம் செய்தோம், மறுபடி ஓடினோம். வேலை என்னவென்று தெரிந்தது சூரமங்கலத்தில்தான்.

அங்கே ரயில்வே குடியிருப்பு ஓரம் போர்வை விற்க வந்த ஒரு வடநாட்டுக்காரனைப் பிள்ளை பிடிக்கிறவன் என்று கட்டி வைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் போனபோது அவனுடைய ஒரு கண் மூடிப்போயிருந்தது. "யார் பாத்தது?" என்று கேட்டேன். "நாங்க எல்லாரும் பாத்தோம்" என்றார்கள். ஒவ்வொருவரையாகத் தள்ளிக் கூட்டிப் போய்க் கேட்டபோது, ஒருவருக்கு இன்னொருவர் சொல்லியிருந்தார். அந்த இன்னொருவருக்கு வேறொருவர். கடைசியில் எந்தப் பிள்ளையும் காணாமல் போகவில்லை. அன்றிலிருந்து எந்தப் புகார் வந்தாலும் என் முதல் கேள்வி, 'நீங்கள் பார்த்தீர்களா, கேட்டீர்களா?' என்பதுதான்.

பின்னால் ஓமலூர்ப் பக்கம் இருந்தபோது திருவிழாக்களில் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்குக் காவலுக்குப் போக வேண்டியிருந்தது. மேடையில் ஆபாசம் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. இரண்டு மூன்று திருவிழாவுக்குள் ஒன்று புரிந்துவிட்டது. மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் தெரியாது. பார்க்கிறவர்களைப் பார்க்க வேண்டும். காலையில் நிகழ்ச்சியைத் தடை செய்யச் சொல்லி மனுக் கொடுத்தவர் சாயங்காலம் முன்வரிசையில் துண்டு போட்டு இடம் பிடித்திருப்பார். பக்கத்தில் ஒரு பையன் கூச்சத்தில் தலை குனிந்திருப்பான். ஒரே ஆட்டம்தான், ஆளுக்கொரு மாதிரி இறங்கும்.

வேலையின் கடைசி வருடங்களில் நாமக்கல் மாவட்டத்தில் ஒரு நகரக் காவல் நிலையத்துக்கு ஆய்வாளராக வந்தேன். அங்கேதான் அந்த வழக்கு.

அதற்கு முன் எங்கள் துணைக் கண்காணிப்பாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தென்மாவட்டத்துக்காரர். இந்தப் பக்கம் வந்து பல வருடமானதில் 'ங்க' போட்டுப் பேசப் பழகியிருந்தார். சாதாரணமாகப் பேசும்போது அது குறைவாக வரும். கோபம் ஏற ஏற 'ங்க' கூடும். குரல் மட்டும் ஏறவே ஏறாது. உத்தரவு போடும்போது நாற்காலியில் உட்கார மாட்டார். சன்னல் ஓரம் போய் நின்று வெளியே பார்த்துக்கொண்டு சொல்வார். "நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றால் வேலை. "நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லீருங்களேனுங்க" என்றால் மெமோ. நேர்மையானவர். ஆனால் எந்தப் பிரச்சினையும் சாயங்காலத்துக்குள் முடிந்துவிட வேண்டும் அவருக்கு.

அன்று காலை பெண்கள் கல்லூரி ஒன்றின் வாசலில் கூட்டம் கூடியிருப்பதாகத் தகவல் வந்தது. நான் போனபோது கேட் பூட்டியிருந்தது. வெளியே நிறையப் பேர். பாதிப்பேர் கையில் கைபேசி. ஒருவர் என்னிடம் நீட்டினார்.

"பாருங்க மேடம். பொம்பளப் புள்ளைகளுக்கு இதத்தான் போட்டுக் காட்டறாங்க. படிக்க அனுப்புனா என்ன பண்றாங்கன்னு பாருங்க."

ஒரு வெள்ளைக்காரன் ஒரு பெண்ணைத் தலைமயிரைப் பிடித்து இழுக்கிறான். அவள் உடுப்பு தோளிலிருந்து கிழிகிறது. உதட்டிலிருந்து ரத்தம். அவ்வளவுதான் அந்தத் துண்டு, சத்தமும் இல்லை. அதற்குக் கீழே 'மாணவிகளுக்கு ஆபாசப் படம்' என்று எழுதி அனுப்பியிருந்தார்கள்.

கூட்டத்தின் முன்னால் நின்றவர் பொன்னுசாமி. திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் ரிக் வண்டி வைத்திருப்பவர். பொய் பேசாதவர், சொன்ன சொல் மாறாதவர் என்று ஊரில் பெயர். வெள்ளைச் சட்டை கசங்கியிருந்தது, கண் சிவந்திருந்தது. அவருடைய மகள் சங்கீதா அந்தக் கல்லூரியில் கடைசி வருடம். கல்யாணமாகி, புருஷன் வீட்டிலிருந்து வந்து படிப்பை முடித்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் மத்தியானம் அந்தப் படத்தைப் பார்க்கும்போது அலறி, மயங்கி விழுந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஊசி போட்டு, அன்று காலையில்தான் அப்பா வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள்.

"எம் புள்ள அப்படி அலறுனதே கெடையாதுங்க மேடம்" என்றார். "என்ன எழவக் காட்டுனாங்களோ, அப்பிடியே மரக்கட்டையாட்டம் உழுந்துருச்சாமா. கண்ண முழிச்சும் எங்க மூஞ்சியப் பாக்க மாட்டேங்குது. அந்த டீச்சரக் கைது பண்ணுங்க. பண்ணாம நாங்க போக மாட்டோம்."

மனுவில் அவருக்குக் கீழே வேறு சிலரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வாங்கிக்கொண்டு ரசீது போட்டுக் கொடுக்கச் சொன்னேன். எதிரே இருந்த கடைக்குப் போய் டீ குடித்தேன். பிறகு துணைக் கண்காணிப்பாளரை அழைத்தேன்.

"அந்தம்மாவக் கூட்டிட்டு வந்து ஸ்டேஷன்ல உக்கார வைங்க. கைதுன்னு காட்டிட்டு ஜாமீன்ல விட்டுறலாம். கூட்டம் கலஞ்சிரும். சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருங்க" என்றார்.

"ஐயா, நான் இன்னும் படத்தைப் பாக்கல."

"பாருங்க. யாருங்க வேண்டாம்னு சொன்னாங்க?"

ஒரு 'ங்க' கூடியிருந்தது. கவனித்துக்கொண்டேன்.

படத்தைப் போட்டவர் கலையரசி. ஆங்கிலத் துறை விரிவுரையாளர். குமாரபாளையத்தில் நெசவுக் குடும்பம். மாதம் ஒரு வெளிநாட்டுக் குறும்படம் போட்டு மாணவிகளோடு பேசுவது அவர் நடத்தி வந்த வகுப்பு. முதல்வர் அறையில் நேராக உட்கார்ந்திருந்தார். கைகள் மட்டும் மடியில் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன. அவருக்கு இரண்டு வயதுக் குழந்தை இருப்பதாக முதல்வர் என்னிடம் தனியாகச் சொன்னார். ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்றும் சொன்னார்.

"எழுதறேன் மேடம்" என்றார் கலையரசி. "எதுக்கு மன்னிப்புன்னு மட்டும் யாராச்சும் சொல்லுங்க. படம் கொடூரமா இருக்கும், பாக்க முடியாதவங்க எந்திரிச்சுப் போலாம்னு சொல்லிட்டுத்தான் போட்டேன். கதவத் தெறந்தே வெச்சிருந்தேன். நாலு பேரு போனாங்க. அவங்கள ஒரு வார்த்த சொல்லல."

"இப்படி ஒரு படத்தை ஏன் போட்டீங்க?"

"இந்தப் படத்த அந்த ஊருலயே பாதிப் பேரு திட்டியிருக்காங்க, பாதியில எந்திரிச்சுப் போயிருக்காங்க. ஏன் கோவம் வருது, யார் மேல வருதுன்னு பேசறதுக்குத்தான் போட்டேன். பேசறதுக்குள்ள இப்பிடி ஆயிருச்சு." முன்னால் குனிந்து, "சங்கீதா எப்பிடி இருக்குது? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார்.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். மனுவில் கையெழுத்துப் போட்டவர்களை உள்ளே அழைத்தேன். "புகார் கொடுத்தவங்க புகாருக்குண்டானத முழுசாப் பாத்துட்டு வாக்குமூலம் கொடுக்கணும். வாங்க, பாக்கலாம்" என்றேன். அவர்கள் எதிர்பார்க்கவில்லை. ஒருவருக்கு அவசர வேலை வந்துவிட்டது. இன்னொருவர், அந்த மாதிரிப் படமெல்லாம் தான் பார்ப்பதில்லை என்று வெளியிலேயே நின்றுகொண்டார். "அப்ப உங்க கையெழுத்த அடிச்சிறட்டுங்களா?" என்று கேட்டேன். அடிக்கச் சொல்லிவிட்டார். மீதிப் பேர் வந்தார்கள். பொன்னுசாமி எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்தார்.

படம் போடுகிற அறையில் நான் திரை ஓரமாக, அவர்களுக்கு எதிரே நாற்காலி போட்டுக்கொண்டேன். கழுத்தைத் திருப்பினால் படம், நேரே பார்த்தால் முகங்கள்.

படம் சின்னது. ஒரு வீடு, ஒரு நீண்ட சாப்பாட்டு மேசை. விருந்தாளிகள் வந்து உட்காருகிறார்கள். மனைவி பரிமாறுகிறாள். ஏதோ ஒரு பாத்திரம் கைதவறி விழுகிறது. கணவன் எழுந்து அவளை அடிக்கிறான். ஒரு அடியோடு நிற்கவில்லை. மயிரைப் பிடித்து இழுத்து, சுவரில் மோதி, திரும்பத் திரும்ப அடிக்கிறான். உடுப்பு கிழிவது அப்போதுதான். காமிரா நகரவே இல்லை. விருந்தாளிகளில் ஒருவர் உட்காருகிற உயரத்தில், ஒரு காலி நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுபோல அப்படியே இருக்கிறது. விருந்தாளிகள் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவர் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தொட்டுக்கொள்கிறார். ஒரு பெண் உப்பைக் கேட்டு வாங்குகிறாள். கடைசியில் அந்த மனைவி எழுந்து, முகத்தில் ரத்தத்தோடு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, நேராக நம்மைப் பார்த்து ஏதோ கேட்கிறாள். கலையரசி அதைத் தமிழில் சொன்னார்: "உங்களுக்கு இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?"

என் வாழ்நாளில் எத்தனையோ அடிதடி வழக்கு பார்த்தவள் நான். நானே கழுத்தைத் திருப்பிக்கொண்டேன். எதிரே இருந்தவர்களைப் பார்த்தேன். முதல் அடியின்போது ஒருவர் உதட்டோரம் சிரித்தார்; பிறகு அந்தச் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. ஒருவர் கைபேசியை எடுத்துக் குனிந்துகொண்டார். ஒரு பெரியவர், மனுவில் இரண்டாவது கையெழுத்துக்காரர், பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டார்.

"ஏனுங்க, அந்த உக்காந்து திங்கறவனுகள்ல ஒருத்தன் எந்திரிக்க மாட்டானா? மனுசனுகளா அவனுக!" என்று திரையைப் பார்த்தே கத்தினார்.

அதற்குப் பிறகு அவர் மனுவைப் பற்றிப் பேசவில்லை. பொன்னுசாமி மட்டும் அசையவே இல்லை. படம் முடிந்து விளக்குப் போட்டபோது நெற்றி முழுக்க வேர்த்திருந்தது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"பாத்துட்டேனுங்க மேடம். இதப் பாத்துத்தான் எம் புள்ளைக்கு அப்பிடி ஆச்சு. கேசு போடுங்க" என்றார். முன்னைவிட உறுதியாக.

எனக்கு அது உறுத்தியது. கோபமாகச் சொல்லியிருந்தால் உறுத்தியிருக்காது. ஓடிப்போகிறவர் கதவைச் சாத்துகிற அவசரம் அந்தக் குரலில் இருந்தது.

அடுத்து மாணவிகள். ஒரு காலி வகுப்பறையை எடுத்துக்கொண்டேன். கூட ஒரு பெண் காவலர் மட்டும். ஒருத்தி உள்ளே இருக்கும்போது அடுத்தவள் மாடிப்படிக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். வெளியே போனவள் இன்னொரு வழியாகப் போக வேண்டும். நாற்காலியை எனக்கு நேர் எதிரே போட மாட்டேன், கொஞ்சம் பக்கவாட்டில்தான். எதிரே உட்காருகிறவர்கள் நம் முகத்தைப் படித்துவிட்டுப் பதில் சொல்வார்கள். முதல் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: 'நீ எங்கே உட்கார்ந்திருந்தாய்?' அதற்குப் பதில் சொல்வது சுலபம், குரல் வந்துவிடும். அடுத்தது, 'படத்தில் முதலில் என்ன வந்தது?' துண்டை மட்டும் கைபேசியில் பார்த்தவர்கள் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். அதற்குப் பிறகுதான் மற்றது.

ராசிபுரத்துப் பெண் ஒருத்தி, படம் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்ததாக அழுதாள். "நிறுத்தவே முடியலைங்க மேடம். பயந்துட்டுத்தான் சிரிச்சிருக்கேன்னு இப்பத்தான் தெரியுது." ஒருத்தி ஓடிப்போய் வாந்தி எடுத்திருக்கிறாள். துண்டை எடுத்து அனுப்பியவளும் வந்தாள். அக்காவுக்கு மட்டும்தான் அனுப்பினாளாம். ஒருத்திக்குக் கலையரசி மேல் கடுங்கோபம். "எதுக்குங்க மேடம் இதெல்லாம் எங்களுக்குப் போட்டுக் காட்டோணும்? ஊட்டுல பாக்காததா?" என்றாள். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். வெளியே போகும்போது என் எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

சங்கீதாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம், "ரத்தம் வந்தப்ப மயங்கினாளா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க. ரத்தத்தையெல்லாம் சும்மாதான் பாத்துட்டு இருந்துச்சு. அங்க ஒருத்தரு ரொட்டியப் பிச்சுத் தின்னாருங்கள்ல, அப்பத்தான் எந்திரிச்சுக் கத்துச்சு."

"அலறினாளா?"

"வெறும் அலறல் இல்லைங்க." தயங்கினாள். "'அப்பா, சோத்த வெச்சுட்டு எந்திரிங்கப்பா'ன்னு கத்துச்சுங்க. அப்புறந்தான் உழுந்துச்சு. சினிமாவப் பாத்து என்னமோ ஒளறுதுன்னு நாங்க யாருகிட்டயும் சொல்லல."

பின்வரிசைக்காரி ஒருத்தி, கதவோரம் நின்ற ஒருத்தி, இருவரையும் தனித்தனியே கேட்டேன். அதே வார்த்தைகள்.

சாயங்காலம் ஆகிக்கொண்டிருந்தது. துணைக் கண்காணிப்பாளர் அழைத்தார். "என்னங்க, முடிஞ்சுதுங்களா?"

"கைது இல்லைங்க ஐயா. அந்த டீச்சர் மேல குற்றமாத் தெரியல. மயங்கி விழுந்த பொண்ண விசாரிக்காம மேல போக முடியாது."

"அத எழுத்துல குடுத்துருங்க. நாளைக்கு ஏதாச்சும்னா உங்க பேருதானுங்க இருக்கணுமுங்க."

இத்தனை 'ங்க' அவரிடம் நான் கேட்டதில்லை. "கொடுக்கறேன் ஐயா" என்றேன். நின்ற இடத்திலேயே எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். ஓய்வுக்கு அதிக நாள் இல்லை. மெமோ வந்தால் ஓய்வூதியம் தள்ளிப்போகும் என்பது தெரியும். தெரிந்துதான் எழுதினேன். அன்று பயமாக இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் பார்க்காதவர்கள் சொல்லி ஒருத்தியை வண்டியில் ஏற்றுகிற வேலையை நான் செய்வதாக இல்லை.

மறுநாள் காலையில் பொன்னுசாமி வீட்டுக்குப் போனேன். சீருடை போடாமல், புடவையில். வெளியே ரிக் வண்டி நின்றது. ஒரு ஆள் அதைக் கழுவிக்கொண்டிருந்தான். உள்ளே கட்டிலில் சங்கீதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அம்மா முந்தானையைப் பிடித்தபடி ஓரமாக நின்றார்.

"மத்தவங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றேன்.

பொன்னுசாமி அசையவில்லை. "எங்க முன்னாடியே கேளுங்க மேடம். மறைக்கிறதுக்கு என்ன இருக்குது?"

சங்கீதா முதல் முறையாக நிமிர்ந்தாள். "இருக்கட்டுங்க மேடம். அப்பா கேக்கட்டும்."

நான் எங்கே உட்கார்ந்திருந்தாய் என்று கேட்டேன். சொன்னாள். படத்தில் முதலில் என்ன வந்தது என்றேன். மேசை, தட்டு, ஆட்கள் என்றாள். பிறகு நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"ஆடி நோம்பிக்கு அப்பாவும் அம்மாவும் எங்க ஊட்டுக்காரரு ஊட்டுக்கு வந்திருந்தாங்க. எல்லாரும் சாப்பிட உக்காந்தாங்க. கொழம்புல உப்பு பத்தலைன்னு அவரு எந்திரிச்சு வந்தாரு. சமையக்கட்டு வாசப்படியிலயே வெச்சு அடிச்சாரு. கீழ தள்ளி மிதிச்சாரு. அப்பா அங்கதான் உக்காந்திருந்தாரு, நேரா. நான் அப்பாவத்தான் பாத்துட்டு இருந்தேன். எந்திரிப்பாரு, இப்ப எந்திரிப்பாருன்னு." மூச்சு வாங்கினாள். "அப்பா கை ஒரு நிமிசம் நின்னுச்சு. அப்பறம் சோத்தப் பெசஞ்சாரு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"அது மொதத் தடவ இல்லைங்க. கடைசியும் இல்லை. அடி பழகிப் போச்சு. படத்துல அந்தம்மாவுக்கு ரத்தம் வந்தப்பக்கூட எனக்கு ஒண்ணும் ஆகல. அந்தாளு ரொட்டியப் பிச்சாரு பாருங்க…" ரவிக்கைக் கையை மேலே ஏற்றிக் காட்டினாள். தோள்பட்டைக்குக் கீழே கன்றி மஞ்சளாகிப்போன காயம். அதன்மேல் புதிதாக ஒன்று.

பொன்னுசாமி எழுந்து வெளியே போனார். கதவு வழியாகப் பார்த்தேன். ரிக் வண்டியின் சக்கரத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். திரும்பி வருவார் என்று எனக்கு நிச்சயமில்லை. கௌரவம் பெரிதென்று நினைக்கிற மனிதர்கள் இந்த இடத்தில்தான் கதவைச் சாத்திக்கொள்வார்கள். 'எங்க ஊட்டு விசயம், நாங்க பாத்துக்கறோம், நீங்க போங்க' என்று சொல்லக் கேட்டுக் கேட்டுச் சலித்தவள் நான். அப்படிச் சொன்னாலும் அவளுடைய வாக்குமூலத்தை எழுதாமல் போவதில்லை என்று உட்கார்ந்திருந்தேன்.

வந்தார். மகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார்.

"சம்சாரம்னா முன்னப் பின்ன இருக்கும், பொறுத்துக்கோ சாமின்னு போன்ல சொன்னவன் நானுங்க. மாப்ள ஊட்டுல போயி கைய ஓங்குனா ஊரு என்ன பேசும்னு இருந்துட்டேன்." மகளின் பக்கம் கையைக் காட்டினார். "அது சொல்றத எழுதிக்கங்க மேடம். நேர்ல பாத்த சாட்சின்னு எம் பேர எழுதிக்கங்க. நான் பாத்தேன். நல்லாவே பாத்தேன்."

"கோர்ட்டுல வந்து சொல்லணுங்க. எல்லாருக்கும் தெரிஞ்சு போகும்."

"தெரியட்டும்."

சங்கீதாவிடம் கேட்டேன்: "நீ சொல்லு. உன் அப்பா சொல்றதுக்காக வேண்டாம். உனக்குக் கொடுக்கணுமா?"

"கொடுக்கறேங்க" என்றாள்.

அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு நானே கூட்டிப் போனேன். வழக்குப் பதிவானது. மருத்துவரிடம் காட்டிக் காயங்களுக்குச் சான்று வாங்கினோம். அதே பகலில் பொன்னுசாமி கல்லூரி வாசலுக்குப் போனார். அன்றும் கூட்டம் இருந்தது. முதல் நாளைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. அங்கே போக வேண்டாம், நிலையத்திலேயே எழுதிக் கொடுத்தால் போதும் என்றேன். கேட்கவில்லை.

"மனுக் குடுத்தவன் நான். திருப்பி வாங்கிக்கிட்டேன். அந்த டீச்சர் மேல தப்பில்ல. எல்லாரும் ஊட்டுக்குப் போங்க" என்றார்.

"நேத்து அந்தக் குதி குதிச்சீங்களே மாமா, இன்னைக்கு என்னாச்சு? வெலைக்கு வாங்கிட்டாங்களா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். சிலர் சிரித்தார்கள். பொன்னுசாமி அந்தச் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். "என்ன வேணாலும் நெனச்சுக்கோங்க. போங்க" என்றார்.

அப்போதும் ஒரு பகுதி கலையவில்லை. அந்த நேரம் துணைக் கண்காணிப்பாளரின் வண்டி வந்து நின்றது. என் எழுத்து அவருக்குப் போயிருந்தது. மகளிர் நிலையத்தில் பதிவான வழக்கும் தெரிந்திருந்தது. என்னைப் பார்க்கவே இல்லை. கேட்டில் சாய்ந்து நின்று, கூட்டத்துக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டு, பேசுகிற குரலிலேயே சொன்னார்:

"புகார்தாரரே புகார் இல்லைன்னுட்டாருங்க. இனி இங்க நிக்கிறவங்க எதுக்கு நிக்கறீங்கன்னு நான் ஒவ்வொருத்தர் பேரா எழுதிக் கேக்கணுமுங்க. அந்தச் சிரமத்த எனக்குக் குடுக்காதீங்களேனுங்க."

கூட்டம் கலைந்தது. போகும்போது என்னிடம், "அந்த எழுத்த நான் மேல அனுப்பல. என்கிட்டயே இருக்கட்டும்" என்றார். ஒரு 'ங்க' கூட இல்லை.

கலையரசிக்குக் கல்லூரி நிர்வாகம் ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது. வாங்கிக்கொண்டார், மன்னிப்பு எழுதிக் கொடுக்கவில்லை. படம் போடுகிற வகுப்பு ஒரு பருவம் நின்று, மறுபடி நடந்தது.

வழக்கு எளிதாக நடக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் நாமக்கல் பக்கம் பெரிய கோழிப்பண்ணைக்காரர்கள். பேசி முடித்துவிடலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் மாறி மாறி வந்தார்கள். சங்கீதா ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் சொன்னாள்: "கோர்ட்டுல பேசிக்கலாங்க." இதற்கிடையே தேர்வெழுதித் தேறினாள். அப்பா வீட்டில்தான் இருந்தாள். ஆனால் அப்பாவிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. அவரும் பேசச் சொல்லிக் கேட்கவில்லை.

சாட்சி விசாரணை வந்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். முதலில் விசாரித்தவள் என்ற முறையில் எனக்கும் சம்மன் வந்தது. என்னுடையது முடிந்த பிறகும் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தேன். பொன்னுசாமியைக் கூண்டில் ஏற்றினார்கள்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அனுபவசாலி. நிதானமாகத்தான் கேட்டார். "உங்கள் கண் முன்னால் மகளை அடித்ததாகச் சொல்கிறீர்கள். அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

"சாப்பிட்டுட்டு இருந்தேனுங்க."

"பெற்ற மகளை மிதிக்கும்போது ஒரு தகப்பன் சாப்பிட்டுக்கொண்டிருப்பாரா? இதை நீதிமன்றம் நம்ப வேண்டுமா?"

எங்கள் தரப்பு வழக்கறிஞர் நிமிர்ந்தார். அந்த இடத்தில், 'எழுந்து தடுத்தேன், என்னையும் தள்ளிவிட்டார்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மறுத்துச் சொல்ல அன்று அந்த வீட்டில் வெளியாள் யாரும் இருக்கவில்லை. பொன்னுசாமி கூண்டின் கம்பியைப் பிடித்திருந்தார். மகள் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு முறை பார்த்தார்.

"நம்பறதுக்குச் சிரமமாத்தானுங்க இருக்கும். ஆனா அதுதான் நடந்துச்சு. புள்ள கீழ கெடந்துச்சு. சம்பந்தியம்மா கொழம்பு கொண்டாந்தாங்க. வேண்டாம்னு சொல்லக்கூட எனக்கு வாய் வரல. ஊத்திக்கிட்டேன்."

நீதிபதி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு அந்த வாக்கியங்களை ஒன்றுவிடாமல், மெதுவாக, தட்டச்சு செய்பவருக்குச் சொன்னார். வழக்கறிஞர் வேறு கேள்வி கேட்கவில்லை. தன்னைத்தானே இப்படிக் குறைத்துச் சொல்கிற சாட்சியை நம்பாமலிருக்கக் காரணமில்லை என்று பின்னால் தீர்ப்பில் எழுதப்பட்டது. கணவனுக்குத் தண்டனை கிடைத்தது. அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறார்கள், அது நடந்துகொண்டிருக்கிறது. சங்கீதாவுக்கு விவாகரத்து கிடைத்து, இப்போது சேலத்தில் வேலைக்குப் போகிறாள்.

சாட்சி சொன்ன அன்று நான் வெளியே வந்தபோது, வேப்பமரத்தடியில் பொன்னுசாமி தன் இருசக்கர வண்டியோரம் சாவியை வைத்துக்கொண்டு நின்றார். வண்டியில் சாவியைப் போடப் பார்த்தார், போகவில்லை. இரண்டாம் முறையும் போகவில்லை. சங்கீதா அவர் பக்கத்தில் வந்து, சாவியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நகருங்கப்பா, நான் ஓட்டறேன். பின்னால ஏறி உக்காருங்க" என்றாள்.

அவர் ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பும்போது, விழுந்துவிடுவோமோ என்கிற பயத்திலோ என்னவோ, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார். அவள் கையைத் தட்டிவிடவில்லை.